கார்பன் இருப்பது பிளேட்டில்

ஐரோப்பாவுக்கு எஃகுக் கட்டுமானம் செய்து அனுப்பும் தொழிற்கூடங்களில் ஓர் எண்ணம் ஆழமாக வேரூன்றிவிட்டது. கார்பன் எல்லை வரி வந்துவிட்டதாம், பழைய வெல்டிங் மெஷினை வைத்துக்கொண்டு இனிக் காலம் தள்ள முடியாதாம். ராடு வெல்டிங்கை விட்டுவிட்டு இன்வெர்ட்டருக்கோ சிஓடூ மெஷினுக்கோ மாறிவிட வேண்டும். கையில் காசிருந்தால் லேசருக்கே போய்விட வேண்டும். அப்போதுதான் சரக்கு கப்பலேறும். மெஷின் விற்பவர் இதைச் சொல்கிறார். ஆலோசகர் படம் போட்டுக் காட்டுகிறார். கடன் கொடுக்க வருபவரும் பசுமைக் கடன் என்று பெயர் சூட்டி அதையே வழிமொழிகிறார். முதலாளி பாவம், மூன்று பேர் ஒரே குரலில் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்.

மெஷினை மாற்றுவது நல்ல காரியம். அதற்கான காரணங்களைப் பின்னால் நானே சொல்கிறேன். ஆனால் கார்பன் வரிக்கு அது மருந்து என்பது சட்டத்தைப் படிக்காதவர் பேச்சு. கணக்கையும் போட்டுப் பார்க்காதவர் பேச்சு.

முதலில் சட்டம். தொழில் வட்டாரத்தில் 'சிபாம்' என்று அழைக்கப்படும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரி ஒழுங்குமுறை 2023-ல் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் 2025 டிசம்பர் 31 வரை இறக்குமதியாளர்கள் கணக்கு மட்டும் காட்டினால் போதும், காசு கட்ட வேண்டியதில்லை. 2026 ஜனவரி 1 முதல் உள்ளே வரும் சரக்குக்குக் காசு உண்டு. எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை இதன் எல்லைக்குள் வருகின்றன. எஃகு என்றால் ஆலையிலிருந்து வரும் பிளேட்டும் காயிலும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். திருகு, போல்ட், குழாய், தொட்டி, சுங்கக் குறியீட்டில் 7308 என்ற தலைப்பில் வரும் கட்டுமான எஃகு, காற்றாலைக் கோபுரம் எல்லாமே அடக்கம். திருச்சியிலும் கோயம்புத்தூரிலும் பற்றவைத்து அனுப்பும் சரக்கில் கணிசமான பகுதி இந்தப் பட்டியலில் இருக்கிறது. அதனால் பயம் நியாயமானதுதான். பயந்தவர் ஓடும் திசைதான் தவறு.

அந்த ஒழுங்குமுறையின் இரண்டாம் இணைப்பைப் புரட்டிப் பாருங்கள். எஃகுக்கும் அலுமினியத்துக்கும் நேரடி வெளியீடு மட்டுமே கணக்கு என்று அங்கே இருக்கிறது. உற்பத்தியில் செலவான மின்சாரத்துக்காக எங்கோ ஒரு அனல்மின் நிலையத்தில் எழுந்த புகை, சிமெண்டுக்கும் உரத்துக்கும் சேரும், எஃகுக்குச் சேராது. வெல்டிங் மெஷின் எதில் ஓடுகிறது? மின்சாரத்தில். ஆக, ராடு வெல்டிங்கில் 100 யூனிட் எரித்தாலும் இன்வெர்ட்டரில் 50 யூனிட் எரித்தாலும், அந்த வித்தியாசம் சிபாம் படிவத்தில் ஒரு கிராம்கூட ஏறப்போவதில்லை. கார்பன் வரிக்காக மெஷின் வாங்கச் சொல்லும் எந்தப் பேச்சிலும் இந்த ஒரு வரியை நான் கேட்டதில்லை.

சரி, மின்சாரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதாகவே வைத்துக்கொள்வோம். நாளைக்குச் சட்டம் மாறலாம். ஒரு டன் கட்டுமான எஃகுக்குக் கணக்குப் போடலாம்.

நடுத்தரக் கனமுள்ள பிளேட் வேலையில் ஒரு டன்னுக்குச் சுமார் 20 கிலோ வெல்டிங் உலோகம் படிகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினில் ராடு வைத்துப் பற்றவைத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 5 யூனிட் ஆகும். மொத்தம் 100 யூனிட். நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஆக 70 கிலோவை ஒட்டி வருகிறது. இப்போது அந்த எஃகையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் கச்சா எஃகுக்கு இந்தியாவின் சராசரி வெளியீடு 2.54 டன் என்று ஒன்றிய எஃகு அமைச்சகமே சொல்கிறது. அதாவது 2,540 கிலோ. வெல்டிங்கின் 70 கிலோ அதில் மூன்று சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

இதில் மெஷினை மாற்றி மிச்சப்படுத்துவது எவ்வளவு? இன்வெர்ட்டரில் ஓடும் சிஓடூ மெஷின் கிலோவுக்கு 2 முதல் 2.5 யூனிட்டில் வேலையை முடிக்கும். 70 கிலோ 30-ஐ ஒட்டி இறங்கும். ராடில் கையளவு துண்டு எறிவது, ஸ்லாக்காகவும் தெறிப்பாகவும் போவது ஆகியவற்றையும் சேர்த்து நியாயமாகவே பார்ப்போம். ஒரு கிலோ ராடு வாங்கினால் மூட்டில் சேருவது அறுநூறு, அறுநூற்றைம்பது கிராம்தான்; கம்பிச் சுருளில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சேரும். அதையும் கூட்டினால் மொத்தச் சேமிப்பு இரண்டு சதவீதம், மிஞ்சினால் இரண்டரை. இந்த இரண்டரைக்காகத்தான் இத்தனை கருத்தரங்கு, இத்தனை கொட்டேஷன்.

சிலிண்டர் விஷயம் இன்னும் வேடிக்கை. சிஓடூ வாயுவை நேரடியாகக் காற்றில் விடுகிறோமே, அது கார்பன் வெளியீடு ஆகாதா, ஆகவே ஆர்கான் கலவைக்கு மாறுங்கள் என்று ஒரு வாதம் உலவுகிறது. நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடினால் மணிக்கு 1.7 கிலோ வாயு போகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் மூன்று, மூன்றரைக் கிலோ உலோகம் படிகிறது. டன் எஃகுக்குப் பார்த்தால் 10 கிலோ வாயு. அந்த வாயுவும் பெரும்பாலும் உர ஆலையிலும் எரிசாராய ஆலையிலும் எப்படியும் வெளியேறியிருக்க வேண்டியதைப் பிடித்துச் சிலிண்டரில் அடைத்தது. ஆர்கானைப் பிரித்தெடுக்கவோ காற்றைக் குளிரவைத்துத் திரவமாக்க வேண்டும். அதற்கும் மின்சாரம் வேண்டும். ஆர்கான் கலவையில் தெறிப்பு குறையும், மூட்டு அழகாக வரும், கிரைண்டிங் வேலை மிச்சமாகும். அதற்காக வாங்குங்கள். பூமியைக் காப்பாற்றுவதாகச் சொல்லி வாங்க வேண்டாம்.

கையில் பிடித்துப் பற்றவைக்கும் லேசர் மெஷின் இப்போது புது மாப்பிள்ளை. செயல்விளக்கத்தில் இரண்டு மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் தகட்டைக் கோடு போட்டதுபோல் ஒட்டிக் காட்டுவார்கள், பார்ப்பவர் வாய்பிளப்பார். தகட்டு வேலைக்கு அது உண்மையிலேயே அருமையான கருவி. வாசலில் கிடக்கும் 16 மில்லிமீட்டர் பிளேட்டை அதில் வைக்கச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும். இன்னொன்றையும் விற்பவர் அழுத்திச் சொல்வதில்லை. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு; வழக்கமான கறுப்புக் கண்ணாடி அதைத் தடுக்கும் என்று நம்பக் கூடாது. தனிக் கண்ணாடி வேண்டும், தனித் தடுப்பறை வேண்டும். கார்பனைக் குறைக்கிறேன் என்று புறப்பட்டு ஒரு தொழிலாளியின் விழித்திரையைச் சுட்டுவிட்டால் அதற்கு எந்த நாட்டுச் சான்றிதழும் ஈடாகாது.

அப்படியானால் கார்பன் எங்கே இருக்கிறது? பிளேட்டில் இருக்கிறது. நாம் வாங்கும்போதே உள்ளே இருக்கிறது. சிபாம் கணக்கும் அதைத்தான் கேட்கிறது: இந்தப் பொருளுக்குள் போன எஃகு எந்த ஆலையில், எந்த வழியில் உருவானது, எத்தனை டன் போனது? மீதியெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நிலக்கரி எரித்து ஊது உலையில் எடுத்த எஃகுக்கும் ஸ்கிராப்பை உருக்கி எடுத்த எஃகுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. சிபாம் கணக்கில் ஸ்கிராப் வெறுங்கையோடு வருகிறது. அதற்கு முன்வினை எதுவும் சேர்ப்பதில்லை. ஆனால் மின் உலை என்று பெயர் கேட்டதும் சுத்தமானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் பக்கத்து இண்டக்‌ஷன் உலைகள் பலவற்றில் ஸ்கிராப்போடு ஸ்பாஞ்ச் இரும்பும் போகிறது. அந்த ஸ்பாஞ்ச் நிலக்கரியில் சுட்டதாக இருந்தால் ஊது உலை எஃகையே தோற்கடிக்கும் அளவுக்குக் கார்பன் ஏறும். விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி உலை என்ன என்பதோடு நிற்கக் கூடாது. உலைக்குள் என்ன போட்டீர்கள் என்று கேட்க வேண்டும்.

கேட்பதற்கு ஓர் ஆதாரமும் கையில் இருக்கிறது. 2024 டிசம்பரில் எஃகு அமைச்சகம் பசுமை எஃகுக்கு வரையறை வெளியிட்டது. டன்னுக்கு 2.2 டன்னுக்குக் கீழே வெளியீடு இருந்தால் பசுமை, 1.6-க்கும் கீழே போனால் ஐந்து நட்சத்திரம். சராசரி எஃகிலிருந்து ஐந்து நட்சத்திர எஃகுக்கு மாறினால் டன்னுக்கு 900 கிலோவுக்கு மேல் குறையும். மேலே மெஷினை மாற்றிக் குறைத்தது அறுபது கிலோவை ஒட்டித்தான். எது முதலில் செய்ய வேண்டிய வேலை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். நல்ல எஃகு கேட்ட இடத்தில் கிடைப்பதில்லை, கிடைத்தால் விலை அதிகம் என்பது உண்மையான தடை. அந்தத் தடையைப் பற்றித்தான் சங்கங்கள் கூட்டம் போட வேண்டும்.

எஃகைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, அதை நிரூபிக்கவும் வேண்டும். இங்கேதான் நம் பட்டறைகள் சறுக்குகின்றன. ஆலையிலிருந்து வரும் ஒவ்வொரு பிளேட்டிலும் ஹீட் நம்பர் இருக்கும். பெயிண்டில் எழுதியோ பஞ்ச் அடித்தோ. கூடவே ஆலையின் சோதனைச் சான்றிதழ் வரும். கட்டிங்காரர் பிளேட்டில் பாதியை வெட்டி எடுத்துப் போகிறார். ஹீட் நம்பர் அந்தப் பாதியோடு போய்விடுகிறது. மீதித் துண்டு யார்டில் மழையில் கிடக்கிறது. மூன்று மாதம் கழித்து அவசர ஜாப் ஒன்று வரும்போது அதே துண்டைத் தூக்கி வந்து ஃபிட்டர் அளவெடுக்கிறார். அது எந்த ஆலை, எந்த ஹீட்? அவருக்கும் தெரியாது, தரக்கட்டுப்பாட்டில் இருப்பவருக்கும் தெரியாது. பாய்லர் வேலையில் இதை நடக்க விடமாட்டார்கள். வெட்டுவதற்கு முன்னாலேயே நம்பரை மீதித் துண்டுக்கும் மாற்றி அடித்து, ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கட்டிங் டார்ச் பற்றும். சாதாரணக் கட்டுமான வேலையில் அந்த ஒழுங்கு தளர்ந்துவிடுகிறது. இனி நம்பரைத் தொலைத்த துண்டு கார்பன் கணக்கையும் சேர்த்தே தொலைக்கிறது. கணக்குக் காட்ட முடியாத எஃகுக்கு ஐரோப்பா தானே ஒரு மதிப்பை நிர்ணயித்து வைத்திருக்கிறது. அது உங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது வெகுளித்தனம். ஒரு செட் எழுத்துப் பஞ்சும் சுத்தியலும் எந்த இன்வெர்ட்டரையும்விட மலிவு.

வீணாகும் எஃகும் கணக்கில் ஏறும். ஒரு டன் சரக்குக்கு எத்தனை டன் பிளேட் உள்ளே போனது என்றுதான் பார்க்கப்படும். துண்டாகக் கழிந்ததைத் தள்ளிவிட்டுப் பார்ப்பதில்லை. 100 கிலோ பிளேட்டில் 85 கிலோ சரக்கானால், ஒரு டன் சரக்குக்கு 1,176 கிலோ பிளேட் வேண்டும். வெட்டும் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் போட்டு 90 கிலோ ஆக்கினால் 1,111 கிலோ போதும். மிச்சம் 65 கிலோ எஃகு, அதாவது 165 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மெஷினை மாற்றிக் கிடைப்பதுபோல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதோடு இது சட்டப்படியும் கணக்கில் சேரும் சேமிப்பு.

வெல்டிங்குக்கு இதில் பங்கே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் மெஷின் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதில் அந்தப் பங்கு இல்லை. கட்டுமான எஃகுக்கான இந்தியத் தர எண் 2062-ல் 250 வலிமைத் தரமும் உண்டு, 350, 450 தரங்களும் உண்டு. பழக்கத்தால் 250-ஐயே எழுதிக்கொண்டிருக்கும் வரைபடங்கள் ஏராளம். இழுவிசை தாங்கும் உறுப்பில் 350-க்கு மாறினால் கோட்பாட்டளவில் கால் பங்குக்கு மேல் எஃகு குறையும். நடைமுறையில் அவ்வளவு வராது. நெளிவும் வளைவும் குறுக்கே நிற்கும். ஓயாமல் அதிரும் கட்டமைப்புகளில் பற்றவைத்த மூட்டின் களைப்பு வலிமை எஃகின் தரத்தோடு சேர்ந்து உயர்வதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. இருந்தாலும் பத்து சதவீதம் குறைந்தால்கூட டன்னுக்கு 250 கிலோ. அந்த எஃகைப் பற்றவைக்கச் சரியான ராடு, முன்சூடு, ராடின் ஈரம் போக்கும் அடுப்பு, புதிதாகத் தேர்வு செய்த செயல்முறை, கை தேர்ந்த வெல்டர் எல்லாம் வேண்டும். எஃகைக் குறைக்க உதவும் வெல்டிங் இதுதான். 1975 முதல் திருச்சியில் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. அங்கே கேட்டுப் பெற வேண்டியது இந்த அறிவு.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வரைபடம் 6 மில்லிமீட்டர் ஃபில்லட் கேட்கும். நம்மவர், கிடக்கட்டும், உறுதியாக இருக்கட்டும் என்று 8 போடுவார். மேஸ்திரியும் தட்டிக்கொடுப்பார். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். குறுக்குவெட்டுப் பரப்பு 18 சதுர மில்லிமீட்டரிலிருந்து 32-க்குப் போகிறது. 78 சதவீதம் கூடுதல் உலோகம், கூடுதல் கரண்ட், கூடுதல் நேரம், கூடுதல் கோணல். கோணலை நிமிர்த்த கேஸ் அடிக்க வேண்டும். நாலு லட்ச ரூபாய் மெஷின் மிச்சப்படுத்துவதை நாற்பது ரூபாய் ஃபில்லட் கேஜ் மிச்சப்படுத்தும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். கேஜ் விலை கொஞ்சம் கூடியிருக்கலாம், வாதம் மாறவில்லை.

பட்டறைக்குள்ளேயே உண்மையாகக் கார்பனைக் குறைக்க ஆசைப்படுகிறவர் உலைப் பக்கம் போக வேண்டும். பற்றவைத்த கனமான சரக்கை 600 டிகிரிக்கு மேல் சூடேற்றி, கனத்துக்கேற்ப மணிக்கணக்கில் வைத்து ஆறவிடும் உலையில், ஒரு டன்னுக்கு எரியும் டீசல் பல இடங்களில் வெல்டிங்கின் மொத்த மின்சாரத்தையும் மிஞ்சும். கதவு சரியாக மூடாத உலை, உள்பூச்சு உதிர்ந்த உலை, பாதி நிரம்பிய உலையை அவசரத்துக்கு ஏற்றுவது என்று கார்பன் அங்கே பீப்பாய்க் கணக்கில் போகிறது. உலையைச் சீர்செய்ய யாரும் கருத்தரங்கு நடத்துவதில்லை. விற்பதற்கு அதில் புதுப்பொருள் இல்லை அல்லவா.

மறுதரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. சிபாம் மின்சாரத்தைக் கேட்காமல் இருக்கலாம், வாங்கும் நிறுவனம் கேட்கிறதே என்பார்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் வழங்கல் சங்கிலி முழுவதற்கும் கார்பன் கணக்குக் கேட்கத் தொடங்கியிருப்பது உண்மை. அந்தப் படிவத்தில் மின்சாரக் கட்டணமும் இடம்பெறும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் விகிதம் மாறிவிடுவதில்லை. கூரையில் சோலார் போட்டாலோ, நாள் முழுவதும் காற்றொழுகும் கம்ப்ரஸர் லைனை அடைத்தாலோ, படிவத்தின் அந்த மின்சாரக் கணக்கு மெஷினை மாற்றுவதைவிட வேகமாக இறங்கும்.

ஓராண்டில் மொத்தம் 50 டன்னுக்கு மேல் போகாத இறக்குமதியாளருக்கு விலக்கு என்று 2025 திருத்தத்தில் வந்ததைப் பிடித்துக்கொண்டு, நாம் சின்னவர்கள், நமக்கு ஒன்றும் இல்லை என்று நிம்மதி அடைபவர்களும் உண்டு. அந்த 50 டன் அங்கே வாங்குபவருடைய மொத்தக் கணக்கு. நீங்கள் 10 டன் அனுப்பி, அவர் வேறு நாட்டிலிருந்து இன்னொரு 200 டன் வாங்கினால் உங்கள் 10 டன்னும் வலைக்குள்தான்.

இனி, மெஷினை மாற்ற வேண்டிய உண்மையான காரணங்கள். முதல் காரணம் கரண்ட் பில். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் வெல்டர் டீ குடிக்கப் போன நேரத்திலும் உறுமிக்கொண்டே மின்சாரம் இழுக்கும். ஷிஃப்டில் கால் பங்கு நேரம்கூட ராடு எரியாத பட்டறைகளில் இந்த வெட்டி ஓட்டம் சின்னச் செலவு கிடையாது. இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-ல் வெல்டிங் புகையை முதல் பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில் சேர்த்தது. ராடு வெல்டிங்கின் புகை அதிகம். சாதாரண சிஓடூ கம்பியில் குறைவு. ஆர்கான் வெல்டிங்கில் மிகக் குறைவு. ஆனால் வேகமாக முடியும் என்று பிளக்ஸ் நிரப்பிய கம்பிக்கு மாறினால் புகை மறுபடி ஏறும். அதைக் கார்பன் கணக்கு காட்டாது. ஸ்டெயின்லெஸ் வேலை செய்பவர் மூச்சில் போவது இன்னும் மோசமான குரோமியம். தொட்டிக்குள் இறங்கி, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பற்றவைக்கும் தொழிலாளிக்காக மெஷினை மாற்றுங்கள், புகை உறிஞ்சியும் வாங்குங்கள். அவருக்காக அதைச் செய்ய, ஐரோப்பா வரி போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கார்பன் வரி நியாயமா, வளர்ந்த நாடுகள் ஏணியில் ஏறிவிட்டு ஏணியை உதைக்கின்றனவா என்பது தனி வழக்கு. அதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் கோபம் இருப்பதற்காகக் கணக்கைத் தவறாகப் போடக் கூடாது. கடனில் ஓடும் சின்னப் பட்டறையின் பணத்தை இரண்டு சதவீதத்தில் முடக்கிவிட்டு, தொண்ணூற்றேழு சதவீதம் தங்கியிருக்கும் எஃகைப் பற்றிக் கேள்வியே கேட்காத ஆலோசனைக்குப் பெயர் ஆலோசனை கிடையாது. மானியம் தர நினைக்கும் அரசும் அந்தப் பணத்தை ஆலைகளிடமிருந்து வெளியீட்டுத் தரவு வாங்கித் தரவும், ஒரு லாரி பசுமை எஃகைக்கூடத் தனியாக வாங்க முடியாத சிறு கூடங்கள் சேர்ந்து வாங்கவும், உலைகளைச் சீர்செய்யவும் செலவிடலாம்.

2026-ல் ஐரோப்பாவுக்குள் போகும் சரக்குக்கான சான்றிதழ் விற்பனை 2027 பிப்ரவரியில் தொடங்குகிறது. ஐரோப்பிய ஆலைகள் இன்னும் பெறும் இலவச ஒதுக்கீட்டுக்கு ஈடாக இறக்குமதிக்குக் கிடைக்கும் கழிவு ஆண்டுதோறும் சுருங்கி 2034-ல் இல்லாமல் போகும். இயந்திரங்கள், வீட்டுச் சாதனங்கள் என மேலும் 180 வகைப் பொருள்களை 2028 முதல் சேர்க்கலாம் என்று ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பரில் முன்மொழிந்திருக்கிறது. ஆகவே அடுத்த கொட்டேஷனில் கையெழுத்துப் போடுவதற்கு முன், பிளேட் சப்ளையருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: உங்கள் எஃகுக்கு டன்னுக்கு எவ்வளவு வெளியீடு, யார் சரிபார்த்தது, சான்றிதழோடு அனுப்புங்கள் என்று. பதில் வராவிட்டால் சங்கத்தின் பெயரில் எழுதுங்கள். மெஷினைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.